மூன்றாவது ஹவுஸில் கந்தகம்

ஜெயராமனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஓசூர் தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கிற அத்திபெலே சுற்று வட்டாரத்தில் எந்தப் பூத்தோட்டத்திலும் பார்க்க முடியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் அவன் பெண்டாட்டி ஷோபா. அவள் வாய்க்குப் பூட்டுப் போட யாரால் ஆகும்? பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்தவள். ஆனால் செடிக்கு மருந்து அடிக்கிறவன் பயப்படத்தான் வேண்டும் ஐயா! வெறுங்கையை விட்டு மருந்தைக் கலக்கி, அதே கையால் பீடியைப் பற்றவைத்து, சாயங்காலம் வேலியோரம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்த வீராதி வீரர்களை எல்லாம் ஜெயராமன் பார்த்திருக்கிறான். அவன் கையுறை போடாமல் மருந்து டப்பாவைத் தொட்டதில்லை. குளிக்காமல் சோற்றுத் தட்டில் கை வைத்ததில்லை.

அவன் இவ்வளவு பயப்பட வேறு காரணமும் இருந்தது. ஷோபாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில்தான் வேலை. பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய கூடாரங்கள் வரிசையாக நிற்கும். பாலிஹவுஸ் என்பார்கள், வாயில் சுருங்கி ஹவுஸ் ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் மருந்து காயாத ஒரு ஹவுஸுக்குள் தெரியாமல் பூப்பறிக்கப் போனவள், அன்று ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தாள். மறுநாளே ஜெயராமன் ஒரு சிவப்புத் துணியை வாங்கிவந்து கிழித்து வைத்துக்கொண்டான். மருந்து வைத்த ஹவுஸின் கதவில் சிவப்பு தொங்கும். சிவப்பு தொங்கினால் மேனேஜரே ஆனாலும் உள்ளே கால் வைக்கக் கூடாது. மேனேஜர் சீனிவாசராகவன் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே அதைத் தோட்டத்துச் சட்டமாக்கிவிட்டார்.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், ஐப்பசி மழை விட்டபாடில்லை. மூன்றாவது ஹவுஸில் ஜெர்பரா. சிவப்பும் மஞ்சளுமாகத் தட்டுத் தட்டாகப் பூத்து நின்ற நேரத்தில் இலைகளின் மேல் மாவைத் தூவினாற்போல் சாம்பல் நோய் விழுந்தது. பூவின் மேல் தண்ணீராக மருந்தடித்தால் இதழில் கறை விழும், சந்தையில் சீண்ட மாட்டார்கள். அதனால் கந்தகச் சட்டிதான். வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்ன அலுமினியச் சட்டிகள் கம்பியில் தொங்கும், அடியில் கரண்ட் ஹீட்டர். பக்கத் திரைகளை இறக்கி, கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டால் கந்தகம் உருகி ஆவியாகி இலை இலையாகப் போய்ப் படியும். கந்தகம் உருக வேண்டும், அவ்வளவுதான். பற்றி எரிந்துவிடக் கூடாது. எரிந்தால் வருகிற புகையே வேறு. அது பூஞ்சையோடு செடியையும் கருக்கும், உள்ளே ஆள் இருந்தால் ஆளையும் கருக்கும்.

சூடு ஏறினால் தானாக அணைகிற நல்ல ஹீட்டர்களை முதலாளி வாங்கவில்லை. எவனோ ஒருவன் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு திருகை வைத்துச் செய்து கொடுத்தவை அவை. அந்தத் திருகை ஜெயராமன் எப்போதும் கடைசி மட்டுக்கும் திருப்பித்தான் வைப்பான். சுற்றிலும் கம்பெனிகள்; ஞாயிறு என்றும் பாராமல் ஷிப்டு ஓடுகிறவை. தோட்டத்துக்கு வந்து சேருகிற கரண்டில் குண்டு பல்பு கூட மஞ்சள் பூத்துத்தான் எரியும். திருகைக் குறைத்து வைத்தால் கந்தகம் கல்லாகவே கிடக்கும்.

நவம்பர் ஒன்றாம் தேதி, கர்நாடகம் பிறந்த நாள், ராஜ்யோத்சவம். முதல் நாள் சாயங்காலமே வைத்திருக்க வேண்டிய சட்டி. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் மேனேஜர் கையைப் பிசைந்தார்.

"ஜெயராம், இன்னிக்கும் விட்டா அந்த ஹவுஸே போயிடும்ப்பா. இன்னிக்குத்தான் யாரும் வேலைக்கு வரலையே. பகல்லயே வச்சிடு. சுவிட்சைப் போட்டே விட்டுடு, கரண்ட் எப்போ வருதோ அப்போ தானா ஆரம்பிச்சுக்கட்டும்."

இந்த ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுத்தால் கரண்ட் வந்ததும் தொட்டி தானாக நிரம்பும். ஜெயராமனும் அப்படியே செய்தான். சட்டிகளில் கந்தகம் போட்டான், திருகுகளைப் பழக்கப்படி கடைசி வரை திருப்பினான், திரைகளை இறக்கினான், உள்ளே ஒரு நடை நடந்து யாருமில்லை என்று பார்த்தான், கதவைச் சாத்தினான், சிவப்புத் துணியைக் கட்டினான். ஒரு குறையும் வைக்கவில்லை பாவி மனுஷன்! போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேக்கிங் ஷெட்டுக்கு முன்னால் கொடியேற்றத்துக்கு வந்து நின்றான்.

விழா களை கட்டியிருந்தது. டிரைவர் சுனில் விடியற்காலையிலேயே வந்து தோட்டமெங்கும் மஞ்சளும் சிவப்புமாகக் கன்னடக் கொடித் துணி கட்டிக்கொண்டிருந்தான். நாற்காலியில் கன்னடத் தாய் புவனேஸ்வரி படம். பேக்கிங் ஷெட் பெண்களுக்கு மேஸ்திரியான லட்சுமம்மா படத்துக்குப் பூச் சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னடம் வீட்டுப் பேச்சு, தமிழ் வேலைப் பேச்சு, இரண்டையும் கலந்து கட்டி அடிப்பாள். மைக் செட்டுக்காரன் கரண்ட் இல்லாததால் பேட்டரியை நம்பாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் கரண்ட் வந்தது.

ஸ்பீக்கர் 'கீ...' என்று காதைக் கிழித்தது. ஷெட் வாசலில் தொங்கிய குண்டு பல்பு பளீரென்று வெள்ளையாக எரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். பல்பு இன்னும் கொஞ்சம் பிரகாசமாகி, பட்டென்று வெடித்தது.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராமன் மட்டும் வெடித்த பல்பையே பார்த்தான். ராஜ்யோத்சவ லீவில் இன்றைக்கு ஒரு கம்பெனியும் ஓடவில்லை. அந்த மொத்தக் கரண்டும் இந்தப் பக்கம் பாய்கிறது. திருகு கடைசி மட்டுக்கும் திருப்பிக் கிடக்கிறது. ஐயையோ, கந்தகம் உருகாது, எரியும்!

செடி போயிற்று என்றுதான் முதலில் நினைத்தான். நினைத்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தான், அப்புறம் ஓடினான். மூன்றாவது ஹவுஸின் கதவருகே வந்ததும் கால் தானாக நின்றது.

கதவில் அவன் கட்டிய சிவப்பு இருந்தது. அதற்கு மேலே அதே அகலத்தில் ஒரு மஞ்சள் துணியை வைத்து ஊக்கு குத்தியிருந்தார்கள். மேலே மஞ்சள், கீழே சிவப்பு. மற்ற எல்லாக் கதவிலும் தொங்கிய அதே கொடி. போகாதே என்று தொங்கவிட்டது, வா வா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

கொடிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. வெளிமண்ணோடு உள்ளே போகக் கூடாதென்று எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அது ஷோபாவின் செருப்பு.

"லட்சுமம்மா!" என்று அலறினான். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்திருந்தாள். "உள்ள யாரு?"

"ஷோபாதான். படத்துக்கு ஹூவு பத்தல, ஜெர்பரா ரெண்டு கட்டு புடுங்கிட்டு வாம்மான்னு நான்தான் அனுப்பிச்சேன். இவாக, இப்பத்தான் போனா. ஏன், ஏனாயித்து?"

உள்ளிருந்து இருமல் கேட்டது. ஜெயராமன் எத்தனையோ ராத்திரி பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல். ஆனால் இப்படி அவன் கேட்டதில்லை. நடுவில் மூச்சே இல்லாத இருமல்.

கதவருகே இருந்த மெயினைப் பிடித்து இழுத்து அணைத்தான். கதவை ஒரு கை அளவு திறந்தான். தீப்பெட்டியை மொத்தமாக மூக்குக்குள் கொளுத்திப் போட்டது போல் இருந்தது. அந்த ஒரு கணத்தில் கண்ணில் பட்டது: வெள்ளை மூட்டத்துக்குள் வரிசை வரிசையாக நீலச் சுடர், ஸ்டவ்வில் எரிகிற மாதிரி. கரண்டை அணைத்தால் என்ன, கந்தகம் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவை அறைந்து சாத்தினான்.

சாத்திவிட்டுத் திரும்பி ஓடினான்.

ஆமாம், ஓடினான். ஹவுஸை விட்டு விலகி, எதிர்த் திசையில், மருந்து ரூமைப் பார்த்து. லட்சுமம்மாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"ஏ ஜெயராமா! எல்லிப்பா ஓடுற? பெண்டாட்டி உள்ள சாகுறாடா!"

அது அவன் முதுகில் கல்லாக விழுந்தது. அவன் நிற்கவில்லை. மருந்து ரூமில் அவனுடைய முகமூடி இருந்தது. கந்தகப் புகைக்கென்றே உள்ள வடிகட்டி டப்பா வைத்தது. தோட்டத்துக்கே அது ஒன்றுதான். பக்கத்தில் பிளாஸ்டிக் அறுக்கிற கத்தி. இரண்டையும் அள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது சுனில் ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போயிருந்தான். ஜெயராமன் அவன் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். சுனில் சேற்றில் விழுந்தான்.

"ஈரத் துணியெல்லாம் இதுக்கு ஆவாது! நீ உள்ள போனா உன்னையும் சேத்துத் தூக்கணும். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போய்த் திரையைச் சுத்தி ஏத்துங்க. காத்து அடிக்கிற பக்கமா நில்லுங்க, புகை வர்ற பக்கம் நிக்காதீங்க!"

முகமூடியை முகத்தில் வைத்தான். மேல் வார், கீழ் வார். ஒரு வார் முறுக்கிக்கொண்டது. அதைப் பிரித்து நேராக்கி மறுபடி மாட்டினான். டப்பாவின் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்துப் பார்த்தான். கன்னத்தோரம் காற்று நுழைந்தது. இன்னொரு தரம் இறுக்கினான். மறுபடி அடைத்தான், மறுபடி இழுத்தான்.

"ஐயோ, கட்டிட்டே நிக்கிறானே! அவன் உயிரு அவனுக்கு வெல்லக்கட்டி!" என்று லட்சுமம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

உள்ளே இருமல் நின்றுவிட்டிருந்தது.

அவன் மட்டும் என்ன கல்லா? ஓடு, ஓடு என்று உடம்பு பதறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓசூரில் ஒரு கழிவுக் குழியோரம் அவன் நின்றிருக்கிறான். உள்ளே விழுந்தவனைத் தூக்க அண்ணன் இறங்கினான், அண்ணனைத் தூக்கத் தம்பி இறங்கினான். மூன்று பேரையும் ஒரே பாயில் கிடத்தியிருந்தார்கள். பாசம் குறைந்தா செத்தார்கள்? மூன்றாம் தரம் மூச்சை இழுத்தபோது ரப்பர் கன்னத்தோடு கப்பென்று ஒட்டியது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தான்.

மூட்டத்தில் இரண்டு பாத்திக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, நடைபாதையைக் காலால் தடவித் தடவிப் போனான். முகமூடிக்குள் அவன் மூச்சே அவனுக்குப் பூதம் மாதிரி கேட்டது. பறித்துப் போட்ட ஜெர்பராக்கள் காலில் மிதிபட்டன. நடுப் பாத்தியில் அவள் இல்லை. கதவுப் பக்கம் சட்டிகள் எரிந்ததால் அவள் எதிர்க்கோடிக்குத்தான் ஓடியிருக்க வேண்டும்.

கோடி மூலையில் கிடந்தாள். பிளாஸ்டிக் சுவரின் அடியில் முகத்தை வைத்து, நகத்தால் கிழிக்கப் பார்த்திருக்கிறாள். அந்தத் தாள் நகத்துக்கா கிழியும்? கண்ணும் மூக்கும் வாயும் ஒழுகின. தோளைத் தொட்டதும் திரும்பினாள். உயிர் இருந்தது. அவனைப் பார்த்தாள், அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்தாள், இரண்டு கையாலும் முகமூடியைப் பிடித்துக்கொண்டாள்.

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் என்ன கேட்கிறாள் என்று குழந்தைக்குக் கூடப் புரியும். குடு, எனக்குக் குடு.

ஜெயராமன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று ஆட்டினான்.

அவள் விடவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை பலம் வருமோ, வாரோடு சேர்த்து இழுத்தாள். ஓரம் விலகியது. ஒரு இழுப்பு உள்ளே போய் அவன் தொண்டை எரிந்தது, கண் இருண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து உதறி, முழங்கையால் நெஞ்சில் தள்ளினான். பெண்டாட்டிமேல் அவன் ஒருநாளும் கைநீட்டியதில்லை. அவள் பாத்தியோரம் மல்லாந்தாள். ரப்பரை அழுத்திக்கொண்டு கத்தியைப் பிளாஸ்டிக்கில் குத்தி இறக்கினான். தாள் பிளந்தது, அதற்குப் பின்னால் பூச்சி வலை. நைலான் வலை, ஒரே வீச்சில் அறுபடுமா? அறுத்தான், அறுத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தான். அவள் கை ஒரு தடவை அவன் காலைப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. அப்படி விட்டுவிட்டதுதான் அவன் ஈரக்குலையைப் பிடுங்கியது. வலையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்ததும் அவளை வாரித் தலை முதலாக வெளியே தள்ளினான். அவனும் விழுந்தான்.

புகையை விட்டுத் தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் போய் உட்காரவைத்தார்கள். படுக்க வைக்கப் போன லட்சுமம்மாவை, "உக்காரட்டும், படுத்தா மூச்சு அடைச்சிடும்!" என்று தடுத்தான். கண்ணுக்கும் முகத்துக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுடைய நெஞ்சு ஓட்டை விழுந்த பம்ப் மாதிரி கீச்சிட்டது. கீச்சிட்டதே, அதுவே போதும் என்றிருந்தது அவனுக்கு.

பூ ஏற்றுகிற வேனில் ஓசூருக்குப் பறந்தார்கள். அத்திபெலே முச்சந்தியில் ஊர்வலம். தாரை தப்பட்டை, லாரியில் புவனேஸ்வரி, ரோடு முழுக்க ஜனம். சுனில் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டு, "தாரி பிடி! உசுரு ஹோக்தாயிதே!" என்று வழிவிடச் சொல்லிக் கன்னடத்தில் தொண்டை கிழியக் கத்தினான். தப்பட்டை நின்றது. ஜனம் இரண்டாகப் பிரிந்தது, யாரோ முன்னால் ஓடி ஓடி வழி விலக்கினார்கள். தமிழ்நாட்டு எல்லை தாண்டும்போது சுனில் அழுதுகொண்டிருந்தான்.

"சேப்பு ஏற்கனவே இருந்துச்சு அண்ணா. யாரோ பாதி கொடி கட்டிட்டு மறந்துட்டாங்கன்னு நெனச்சு மஞ்சள் மட்டும் மேல குத்திட்டேன். நானே ஊக்கு குத்தினேன் அண்ணா."

திருகைக் கடைசி வரை திருப்பிய கை ஜெயராமனுடையதுதானே. அந்தக் கையால் ஷோபாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

பிழைத்தாள். பிழைக்கிறாள் என்று டாக்டர் சொல்லவே நாளாயிற்று. நுரையீரல் வெந்திருக்கிறது, தொண்டை வெந்திருக்கிறது, பேசவே கூடாது என்றார்கள். அந்த வாயாடியைப் பேசாதே என்றால்! ஆனால் அவளும் பேச முயலவில்லை. ஆக்சிஜன் குழாயோடு படுத்து, அவன் எங்கே நகர்ந்தாலும் கண்ணாலேயே தொடர்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அவன் நடுங்கினான். வாயைத் திறந்தால் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மேனேஜர் வந்தார். லட்சுமம்மா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசிட்டேன்ப்பா, மனசுல வச்சுக்காதே" என்றாள். மேனேஜர் ஷோபாவின் பக்கம் குனிந்து, "உன் புருஷன் செஞ்சதுதான் கரெக்ட்மா. மாஸ்க்கைக் கழட்டியிருந்தா ரெண்டு பாடியைத்தான் எடுத்திருப்போம். டாக்டரே சொன்னார்" என்றார். ஷோபா தலையசைத்தாள். அவர்கள் போனபின் மறுபடியும் அவனையே பார்த்தாள்.

ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் கையிலிருந்த கரண்டியை அவள் விலக்கினாள்.

"கேட்டேன் இல்ல?" குரல் தகரத்தில் ஆணி கிழித்த மாதிரி வந்தது.

அவன் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டான். "கேட்ட."

"நீ மாட்டேன்னு தலைய ஆட்டின."

"ஆட்டினேன். குடுத்திருந்தா நான் விழுந்திருப்பேன் ஷோபா. அப்புறம் வலைய யாரு அறுக்கறது? ரெண்டு பேரும் அங்கயே..."

"தெரியும்யா." இருமல் வந்தது. அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள். "எல்லாம் தெரியும். இத்தினி நாளா அதைத்தான் யோசிச்சினு கெடந்தேன். நீ வெளிய இருந்து, நான் உள்ள இருந்ததுதான் நல்லதாப் போச்சு."

"இன்னா பேச்சு இது?"

"மாறி இருந்திருந்தா?" என்றாள். "நீ உள்ள கெடந்து கையை நீட்டி கேட்டிருந்தா, நான் கழட்டிக் குடுத்திருப்பேன்யா. ரெண்டு பேரும் போயிருப்போம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெயராமன் எப்படியோ தாங்கியிருப்பான். அவனைத் திட்டினாளா, மெச்சினாளா என்று அவனுக்கு அன்றும் புரியவில்லை, பிறகும் புரியவில்லை. அவன் கட்டிலின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். ஷோபா அவன் தலைமேல் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சி ஆறுகிறது என்றாள்.